நாவல் எழுத எம்.ஏ. ஆங்கிலம் படிக்க வேண்டுமா?

கேட்டவர் கணக்கியல் படித்துவிட்டு வேலையில் இருப்பவர். ஆங்கிலத்தில் சில சிறுகதைகள் எழுதிப் பார்த்திருக்கிறார், நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. முறையாக ஆங்கில இலக்கியம் படிக்காததால்தான் எழுத்து நொண்டுகிறதோ, வேலையை விட்டுவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடலாமா என்பது அவருடைய சந்தேகம்.

வேண்டியதில்லை. நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவன். அதற்கப்புறம் பதினைந்து வருடமாகப் பிறர் எழுதிய நாவல்களை அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்துவதுதான் பிழைப்பு. ஆகவே எட்டாத பழம் புளிக்கும் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழம் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். நல்ல பழம்தான். ஆனால் நீங்கள் தேடுகிற மருந்து அதில் இல்லை.

ஒரு சின்னக் கதை சொல்கிறேன். 1955இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் பெரிய நாவலாசிரியரான டோனி மாரிசன் முதுகலைப் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எழுத்தாளர்கள் இருவர்: வர்ஜீனியா வுல்ஃப், வில்லியம் ஃபாக்னர். ஃபாக்னர் உயர்நிலைப் பள்ளியையே முடிக்காதவர். முதல் உலகப் போருக்குப் பிறகு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சிறப்பு மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஆங்கிலப் பாடத்தில் அவர் வாங்கியது வெறும் 'டி' கிரேடு. 1920இல் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். வுல்ஃபின் சகோதரர்கள் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். அவரோ வீட்டில் அப்பாவின் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் சில வகுப்புகளுக்குப் போனார், பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆக, பட்டமில்லாத இருவரைப் பற்றி எழுதித்தான் மாரிசன் பட்டம் வாங்கினார்.

சரி, மாரிசனுக்குப் பட்டம் இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஒன்றுக்கு இரண்டு. ஆனால் அவருடைய முதல் நாவல் வந்தது 1970இல். ஆய்வேட்டுக்கும் நாவலுக்கும் நடுவே பதினைந்து வருடம். அந்த நாவலின் விதை வகுப்பறையில் விழவில்லை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியராக இருந்தபோது, நண்பர்கள் சிலர் கூடி அவரவர் எழுதியதை வாசித்துப் பேசும் ஒரு குழுவில் கலந்துகொண்டார். அங்கே கொண்டுபோன ஒரு சிறுகதையைத்தான் பின்னாளில், பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்துக்கொண்டு நாவலாக விரித்தார். இந்தக் குழு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, ஃபாக்னரே படிக்கவில்லை" என்று யாரும் குதிக்க வேண்டாம். இந்த வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன், அதுவும் பெரும்பாலும் வாசிக்கச் சோம்பேறித்தனப்படுகிறவர்களிடமிருந்து. ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பது தமிழ் வாசகர் எல்லோருக்கும் தெரியும். அவர் படிக்கவில்லை என்பது உண்மை, வாசிக்கவில்லை என்பது பொய். 1998இல் நோபல் வாங்கிய போர்த்துகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ தொழிற்பள்ளியில் படித்துவிட்டுக் கார் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனவர். வேலை முடிந்த மாலைகளில் லிஸ்பனில் ஒரு பொது நூலகத்தில் போய் உட்கார்ந்து, யாருடைய வழிகாட்டலும் இல்லாமல் கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பட்டம் இல்லாமல் பெரிய எழுத்தாளரானவர்கள் நிறையப் பேர். வாசிக்காமல் ஆனவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

கேள்வியில் ஒரு குழப்பமும் இருக்கிறது. மூன்று வேறு வேறு சரக்குகள் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. ஆங்கில இலக்கியப் பட்டம் என்பது ஒன்று. அது ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டவற்றை ஆராயும் படிப்பு. படைப்பெழுத்துப் பட்டம் இன்னொன்று. அதில் நீங்களே எழுதி, சக மாணவர்கள் நடுவே வைத்து விவாதிப்பீர்கள். ஆங்கிலம் பிழையில்லாமல் எழுத வருவது மூன்றாவது. இது மொழிப் பயிற்சி, பட்டத்தோடு இதற்குச் சம்பந்தம் குறைவு. முதலாவதில் சேர்ந்தால் மூன்றாவது தானாக வரும் என்று நினைத்துச் சேர்ந்து, மூன்று வருடம் கழித்து ஏமாந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். ஒரு கதையில் இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்து ஒரு வாரம் ஆகிறது. மகன் அவர் அறையைத் திறக்கிறான். மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி. எடுத்துத் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறான்.

இலக்கிய வகுப்பில் இதைக் கொடுத்தால் நான் ஐந்து பக்கம் எழுதுவேன். கண்ணாடி என்பது தந்தையின் பார்வை, அதாவது அதிகாரம். துடைப்பது தெளிவுக்கான ஏக்கம். திரும்ப வைப்பது வாரிசாக மறுப்பது. நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கும். தப்பில்லை, இப்படி வாசிக்கத் தெரிவதும் ஒரு திறமைதான்.

அதே காட்சியை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இதில் ஒன்றுகூட உதவாது. அவன் தலையைப் பிய்த்துக்கொள்வது வேறு விஷயங்களுக்காக. அப்பா கண்ணாடி போட்டவர் என்பது வாசகருக்கு இதற்கு முன்பே தெரியுமா? இங்கேதான் முதல்முறையாகத் தெரிகிறது என்றால் அது வெறும் பொருள், யாருக்கும் தொண்டை அடைக்காது. அப்படியானால் முப்பது பக்கம் முன்னால் போய், அப்பா கண்ணாடியைக் காணாமல் வீட்டையே இரண்டாக்கி, மகன்மேல் எரிந்து விழுகிற ஒரு காட்சியை நட்டுவிட்டு வர வேண்டும். அது சிரிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், துடைப்பது. எதை? தூசியையா? ஒரு வாரத் தூசி கண்ணில் படாது. வில்லையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தால்? அது அப்பாவுடைய ரேகை. மகன் அதைச் சட்டை நுனியால் துடைத்துவிடுகிறான், துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைக்கிறது. இதை நான் சொல்லிவிட வேண்டுமா, இல்லை அவன் கை பாதியில் நிற்பதோடு விட்டுவிடலாமா? சொன்னால் வாசகர் அழுவதற்கு நானே கைக்குட்டை நீட்டியது மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் பாதிப்பேர் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். இந்த இழுபறிக்குப் பேர்தான் கதை எழுதுவது. என் ஐந்து வருடப் படிப்பில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டியது அவர்கள் வேலையும் இல்லை.

சொல்லப்போனால் அந்தப் படிப்பு எனக்குக் கொஞ்சம் கெடுதலும் செய்தது. முதுகலை முடித்த பிறகு எழுதிய கதைகளையெல்லாம் குறியீட்டிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் 'கண்ணாடி என்றால் அதிகாரம்' என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி அப்பாவையும் மகனையும் செய்தேன். பொம்மைகள் நன்றாகத்தான் நின்றன, ஒன்றும் மூச்சுவிடவில்லை. அதிலிருந்து மீள இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் என் மேசைக்கு வரும் பிரதிகளில் முதல் அத்தியாயத்திலேயே இந்த வாசனையைப் பிடித்துவிடுவேன். ஒவ்வொரு பொருளும் எதையோ குறித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும்.

நன்மை இல்லையா என்றால், உண்டு. ஒன்று, நானாக ஒருநாளும் தொட்டிருக்க மாட்டாத புத்தகங்களை வலுக்கட்டாயமாக வாசிக்க வைத்தது. நமக்குப் பிடித்ததையே சுற்றிச்சுற்றி வாசித்தால் எழுத்தும் அந்த வட்டத்துக்குள்ளேயேதான் சுழலும். பழைய நாடகமும் நீண்ட கவிதையும் தேர்வுக்காகத்தான் படித்தேன், ஆனால் வாக்கியத்தின் ஓசை என் காதில் ஏறியது அவற்றால்தான். இன்னொன்று, சண்டை போட ஓர் எதிரி கிடைப்பது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1948இல் மருத்துவம் படிக்க உதவித்தொகையோடு இபாடான் நகரத்துக் கல்லூரிக்குப் போனார். கொஞ்ச நாளில் மருத்துவத்தை விட்டு ஆங்கிலம், வரலாறு, சமயம் என்று மாறினார், உதவித்தொகை போயிற்று. அங்கே பாடமாக வைத்திருந்தவற்றில் நைஜீரியாவைப் பற்றி வெளியார் ஒருவர் எழுதிய நாவலும் ஒன்று. எங்கள் மக்கள் இப்படி இல்லையே என்று வகுப்பே கொதித்தது. அந்தக் கோபம்தான், தன் கதையைத் தானே எழுத வேண்டும் என்று அவருக்குள் போய் உட்கார்ந்தது. பாடத்திட்டம் அவருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. எதை எதிர்த்து எழுத வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது.

படைப்பெழுத்துப் பட்டத்தின் கதை வேறு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936இல் ஆரம்பித்தது. பிரிட்டனில் 1970இல் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் இப்படியொரு படிப்பைத் தொடங்கியது. நாவலாசிரியர் இயன் மெக்யூவன் அதன் முதல் மாணவர், இன்னொரு நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ 1980இல் அங்கே முதுகலை முடித்தவர். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானர் அயோவாவுக்குப் போனது இதழியல் படிக்க. பட்டறையின் தலைவர் பால் எங்கலின் அறைக்குள் போய் ஏதோ சொன்னார். அவருடைய தென்மாநில உச்சரிப்பு எங்கலுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஒரு தாளைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னார். பட்டறையில் சேர்ந்துகொள்ளலாமா என்று எழுதியிருந்தது. அப்புறம் அவர் கதைகளைப் படித்துப் பார்த்தார் எங்கல், அவ்வளவுதான். ஆங்கிலம் சரியாகப் பேச வரவில்லையே என்று கூசுகிறவர்களுக்கு இதை நான் வழக்கமாகச் சொல்வதுண்டு.

இந்தப் படிப்புகளில் நடப்பது இதுதான்: உங்கள் கதை முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பிரித்து மேய்வார்கள். பல இடங்களில் எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. 'நான் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று விளக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிய பாடம், ஏனென்றால் புத்தகம் கடைக்குப் போன பிறகு நீங்கள் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை. இது தவிர அங்கே கிடைப்பவை நேரம், கெடு, தொடர்ந்து வாசிக்கும் நாலு கண்கள். இவை விலை மதிப்பானவை. ஆனால் இவற்றுக்காகக் கடன் வாங்காதீர்கள். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்து, வகுப்பு எடுப்பதற்கு ஈடாக மாத உதவித்தொகையும் தருகின்றன. அப்படி ஓர் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். மற்றபடி, கடனை அடைக்க வேண்டும் என்ற கவலை நாவல் எழுதுகிற நேரத்தைத்தான் முதலில் தின்னும்.

குறுகிய காலப் பட்டறைகளும் இருக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970இல் அறிவியல் புனைகதைக்கான கிளாரியன் பட்டறைக்குப் போனார், ஆறே வாரம். அங்கேயே கதைகள் விலைபோயின. இனி நமக்குக் கவலையில்லை என்று நினைத்தார். அடுத்த ஐந்து வருடம் ஒன்றும் விற்கவில்லை. கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டு, விடியுமுன் எழுந்து எழுதினார். பட்டறையானாலும் பட்டமானாலும் அதற்கப்புறம் தனியாகக் கடக்க வேண்டிய இந்தப் பாலைவனம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, பட்டத்தை எங்கேதான் கேட்பார்கள்? பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிக்கப் போகிறீர்கள் என்றால் கேட்பார்கள். பதிப்பகத்தில் உதவி ஆசிரியர் வேலைக்குச் சில இடங்களில் கேட்பார்கள். நாவலை வெளியிட யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கில நாவலுக்கு இலக்கிய முகவரை, அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசுகிறவரை, அணுகும்போது பொதுவாகக் கேட்பது மூன்று: ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், நாவலின் தொடக்கப் பக்கங்கள். சிலர் பத்துப் பக்கம் கேட்பார்கள், சிலர் மூன்று அத்தியாயம். உங்களைப் பற்றிய தகவல் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி. அங்கே 'கணக்காளராக வேலை செய்கிறேன்' என்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆர்வம்கூட வரும், ஆள் வெளியுலகத்தில் எதையோ பார்த்திருப்பார் என்று. புனைவல்லாத நூல் என்றால் நிலைமை தலைகீழ். இதய நோய் பற்றி எழுதினால் நீங்கள் டாக்டரா என்று முதலில் கேட்பார்கள், புத்தகம் எழுதி முடிக்காமல் திட்டத்தை மட்டும் காட்டியும் ஒப்பந்தம் வாங்கிவிடலாம். புனைவில், அதுவும் முதல் நாவலுக்கு, முழுப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். உங்கள் நாவல் பாதியில் நிற்கிறது என்றீர்களே, அதுதான் உங்கள் பிரச்சினை, பட்டம் இல்லாதது அல்ல.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. போலிஷ் தாய்மொழி, அதற்கடுத்து பிரெஞ்சு. 1878இல், இருபது வயதில் பிரிட்டிஷ் கப்பலில் ஏறியபோது அவருக்கு ஆங்கிலத்தில் சில சொற்கள்தான் தெரியும். கப்பல் வேலை பார்த்துக்கொண்டே கற்றார். முதல் நாவல் 1895இல் வந்தது. பேச்சில் வெளிநாட்டு வாடை கடைசிவரை போகவில்லை, பக்கத்தில் அது குறையாகவும் இல்லை. ஆனால் நடுவில் பதினேழு வருடம் இருந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரதி திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இலக்கணப் பிழைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒரு சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய 'a', 'the' போன்ற சின்னச் சொல் விடுபட்டிருந்தால் அரை நொடியில் சேர்த்துவிடுவேன். இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருக்கும் கதை, சண்டைக் காட்சி வந்ததும் எழுதியவரின் பரபரப்பில் நிகழ்காலத்துக்குத் தாவி, சண்டை முடிந்ததும் திரும்ப இறந்தகாலத்துக்கு வந்தால் அதையும் சரிசெய்துவிடலாம். எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில், அகராதியை விழுங்கிய மாதிரி பேசினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எட்டு வயதுக் குழந்தையும் ஓய்வு பெற்ற நீதிபதியும் ஒரே வாக்கிய நீளத்தில் பேசுவார்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கும். அதற்குத் திருத்தம் கிடையாது, எழுதியவர் காது திறந்து வைத்துத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

மொழியை இறுக்கமாக்க இலக்கிய வகுப்பைவிட வேறு இடங்கள் நல்ல பள்ளிகள். ஹெமிங்வே பள்ளி முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல் 1917இல் கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையில் சேர்ந்தார், ஆறு மாதம் போல இருந்தார். குட்டி வாக்கியம் எழுது, முதல் பத்தியைச் சின்னதாக வை என்று ஆரம்பிக்கும் அந்தப் பத்திரிகையின் நடை விதிகளைத்தான் தனக்குக் கிடைத்த சிறந்த பாடமாகப் பிற்காலத்தில் சொன்னார். உங்களுக்குப் பத்திரிகை வேலை வேண்டாம். பிடித்த ஒரு சிறுகதையை எடுத்து, முதல் இரண்டு பக்கத்தைக் கையால் அப்படியே நகலெடுங்கள். தட்டச்சு வேண்டாம், வேகமாகிவிடும். எழுதும்போது வாக்கியம் எங்கே முடிகிறது என்று உங்கள் விரலுக்குத் தெரியும். நீங்கள் நிறுத்தியிருக்கும் இடத்தைத் தாண்டி அவர் ஏன் போகிறார், நீங்கள் இழுத்திருக்கும் இடத்தில் அவர் ஏன் வெட்டுகிறார் என்று கை நின்று நின்று கேட்கும். அப்புறம் அதே கதையில் நேரம் தாவும் இடங்களை மட்டும் பென்சிலால் குறியுங்கள். 'மறுநாள்', 'மூன்று வருடம் கழித்து' போன்ற இடங்கள். இடையில் எதை எழுதாமல் விட்டார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் தூங்கி எழுந்து பல் தேய்ப்பதிலிருந்து எழுதுவார்கள், அந்த வியாதிக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

இலக்கிய வகுப்பின் ருசி வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. யேல் பல்கலைக்கழகம் சில இலக்கியப் பாடங்களை முழு வகுப்புகளாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாயாஜால நாவல்கள் எழுதும் அமெரிக்கர் பிராண்டன் சாண்டர்சன் தன் பல்கலைக்கழக எழுத்து வகுப்புகளை யூடியூபில் போட்டிருக்கிறார். மாயாஜாலக் கதைகள் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கதைப்பின்னல் பற்றி அவர் பேசுவதைக் கேட்கலாம். அவருக்கும் ஆங்கிலப் பட்டம் இருக்கிறது. ஆனால் முதல் நாவல் விலைபோகும் முன் பத்துக்கு மேற்பட்ட நாவல்களை எழுதித் தீர்த்தது, ஓட்டலில் இரவுப் பணியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான்.

இனி, மாரிசன் கதையில் திரும்ப வருவேன் என்று சொன்ன அந்த வாசிப்புக் குழு. நான்கு அல்லது ஐந்து பேர் போதும். எல்லோரும் எழுதுகிறவர்களாக இருக்க வேண்டும், அதில் உறவினர் ஒருவரும் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை, ஆளுக்கு இத்தனை பக்கம் என்று கெடு. பாராட்டும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது, எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று குழம்பியது, இதை மட்டும் சொன்னால் போதும் என்று விதி வையுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அவர் அந்த மாதம் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, வேலையை விடுவது பற்றி. செக்காவ் டாக்டர். காஃப்கா சட்டத்தில் முனைவர், 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் கோப்பு பார்த்தவர். அந்த வேலையைத் திட்டித் தீர்த்தார், ஆனாலும் விசாரணை, விண்ணப்பம், முடிவே வராத மேல்முறையீடு என்று அவர் கதைகளில் அலைவதெல்லாம் அலுவலக வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்த ஒருவருடைய கண்தான். உங்களுக்குக் கணக்குப் புத்தகம் தெரியும். ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்து யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரியும். என்னைப் போன்ற இலக்கிய மாணவனுக்கு அது தெரியாது. நாவலில் பாத்திரங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள் பெரும்பாலும் மறந்தே போவோம்.

வேலையில் இருங்கள். பாதி நாவலை எடுங்கள். நின்ற இடத்திலிருந்து இருபது பக்கம் பின்னால் போய்ப் படியுங்கள். நாவல் நிற்கும் இடத்தில் கோளாறு இருப்பது அபூர்வம், அநேகமாக அதற்கு முன்னால் எங்கேயோ ஒரு பாத்திரத்தை உங்கள் வசதிக்காக எதையோ செய்ய வைத்திருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்த பிறகும் பட்டம் படிக்க ஆசை இருந்தால், மாலை வகுப்பிலோ தொலைநிலைக் கல்வியிலோ சேருங்கள். வாசிக்கப் பிடிக்கும் என்பதற்காகச் சேருங்கள், அது நல்ல காரணம்.